சாரலுக்கு முன்னால் ஆறு வாரம்

நான் பிறந்து வளர்ந்தது நுவரெலியாவில். அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். அவருடைய அப்பா காலத்திலேயே எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போய்விட்டது. எங்கள் வீட்டில் விசிறி என்று ஒன்று இருந்த ஞாபகமே எனக்கு இல்லை. தை மாதத்தில் காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும். அடுப்பு மூட்டுகிறவள்தான் வீட்டில் பாக்கியசாலி. வியர்வை என்பது காய்ச்சல் விடும்போது வருவது என்றுதான் இருபது வயது வரை நினைத்திருந்தேன்.

என்னைக் கட்டிக்கொண்டவர் தென்காசிக்காரர். பதினாறு வயதில் உறவுக்காரர் ஒருவரோடு இலங்கைக்கு வந்து, கடையில் நின்று, பிறகு நுவரெலியாவில் சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை வைத்தவர். எங்கள் கல்யாணம் அங்கேதான் நடந்தது. அவருக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு வேண்டிய பயணக் காகிதங்கள் நேரத்துக்குக் கைக்கு வராததால் அவர்களும் வர முடியவில்லை. ஆக, கல்யாணமாகி இரண்டு வருஷம் வரை நான் என் மாமியாரைப் பார்த்தது கிடையாது. ஐம்பதுகளில் ஒரு சித்திரை மாதக் கடைசியில், என் கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நாங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டோம். என் பாஸ்போர்ட்டில் குத்திய அனுமதி ஆறு வாரத்துக்கு. எனக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

பெட்டி அடுக்கும்போது அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். தென்காசியில் காற்று ஆளைத் தள்ளும், குற்றாலத்துச் சாரல் ஊசி மாதிரிக் குத்தும், ஸ்வெட்டர் இல்லாமல் வராதே என்று. நான் நம்பினேன். இரண்டு ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை, முழுக்கை வைத்த ஃபிளானல் ரவிக்கை ஐந்து எடுத்து வைத்தேன். மாமியாருக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டிருந்ததால், ஒத்தடம் கொடுக்க ரப்பரில் செய்த வெந்நீர்ப் பை ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. அவர் ஊரை விட்டுப் புறப்பட்டது ஒரு ஆடி மாதம். அந்த ஒரு மாதத்துத் தென்காசியை மட்டுமே மனசில் வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டார்.

தலைமன்னாரில் கப்பல் ஏறும்போதே மேலெல்லாம் பிசுபிசுத்தது. கடற்கரை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தனுஷ்கோடியில் இறங்கி ரயிலில் உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். மானாமதுரை வருவதற்குள் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவர் வெளியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம்தான், தென்காசி வந்துவிட்டால் காற்று வந்துவிடும் என்பார். தென்காசி வந்தது. இறங்கினோம். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. அதன் உச்சியில் ஒரு மேகம் நகராமல் உட்கார்ந்திருந்தது. ஸ்டேஷன் வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. அவர் அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஆரத்தி எடுக்க, மாமியார் ஒதுங்கி நின்றிருந்தார்கள். உயரமான மனுஷி, நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சேலை. என் முகத்தைப் பார்த்ததும் முதல் கேள்வி, காய்ச்சலா என்பதுதான். கழுத்து வரை மூடிய ஃபிளானல் ரவிக்கையில் என் முகம் மிளகாய்ப் பழம் மாதிரிச் சிவந்திருந்தது. அவர்தான் பதில் சொன்னார், மலையில் இருந்தவள், வெயில் புதுசு என்று.

“நம்ம ஊரு வெயில் என்னப்பா செய்யும்? ரெண்டு நாள்ல பழகிரும்” என்றார்கள் மாமியார்.

பழகவில்லை. வெறும் வெயிலாக இருந்திருந்தால் நிழலில் ஒதுங்கிக்கொள்ளலாம். தென்காசியில் அந்த மாதங்களில் இருப்பது வேறு. மலைக்கு அந்தப் பக்கம், மலையாளக் கரையிலிருந்து மேகம் வந்து வந்து உச்சியில் நிற்கும். இந்தப் பக்கம் இறங்காது. காற்று நின்றுவிடும். வானம் மூடியும் மூடாமலும் கிடக்க, பூமிக்கு மூடி போட்டு அவிக்கிறது போல இருக்கும். குளித்துத் துவட்டுகிற துண்டுக்கும் உடம்புக்கும் நடுவிலேயே மறுபடியும் வேர்த்துவிடும். மூச்சு இழுத்தால் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு இழுப்பது போல் இருக்கும். மூன்றாம் நாள் முதுகில் வேர்க்குரு கிளம்பியது. ஐந்தாம் நாள் சாய்ந்து உட்கார முடியவில்லை.

ஆனால் இதில் ஒன்றைக்கூட நான் யாரிடமும் சொல்லவில்லை. புறப்படும்போது என் அம்மா ஒரே ஒரு புத்தி சொல்லி அனுப்பியிருந்தாள். புருஷன் ஊரில் தண்ணீரைக் குறை சொல்லாதே, சாப்பாட்டைக் குறை சொல்லாதே, வெயில் மழையைக்கூடக் குறை சொல்லாதே. நான் அதை எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தேன். கொழும்பு மருமகளைப் பார்க்கவென்று தெருவிலிருந்து ஆட்கள் வருவார்கள். இலங்கை முழுவதும் அவர்களுக்குக் கொழும்புதான். ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்பார்கள். நன்றாக இருக்கிறது என்பேன். சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு நிமிஷத்தில் எழுந்து புறவாசலுக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொள்வேன். அடுக்களையில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டேன். சுடச்சுடக் கொடுக்கும் காப்பியை ஆறவைத்து, ஆறியதும் குடிக்கப் பிடிக்காமல் வைத்துவிடுவேன். ஒரு நாளைக்கு நான்கு தடவை குளித்தேன். வாய் ஒன்று சொல்ல, என் முகமும் கால்களும் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் தண்ணீர் எடுக்கப் போகும்போது, அடுக்களையில் மாமியார் தன் மகளிடம் பேசுவது காதில் விழுந்தது.

“அவளுக்கு நம்ம வீடு எளக்காரமா இருக்கு. வாயைத் தொறந்து ஒரு சொல்லு பேசுதாளா பாரு. எப்பப் பாரு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் பின்னால போயிருதா.”

குடத்தை வைத்துவிட்டு நின்றேன். அழுகை வந்தது. உள்ளே போய் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் ஊரைக் குறை சொன்னதாகும் என்று அதே பயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து வைத்தேன். மாமியார் என்னைப் பார்க்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை, என்னைவிட ஒரு வயது இளையவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள், எட்டு மாதம். என் வேதனை ஒரு பங்கு என்றால் அவளுடையது இரண்டு பங்கு. ஒரு நாள் மத்தியானம் மாமியார் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், அவள் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் கல் பாவிய தரையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, கையால் பரப்பி, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மெதுவாக ஒருக்களித்துப் படுத்தாள்.

“மதினி, இங்கன வந்து படுங்க. சில்லுன்னு இருக்கு” என்றாள்.

போய்ப் படுத்தேன். கன்னத்தைக் கல்லில் வைத்ததும் தலையிலிருந்து ஏதோ இறங்கினது போல் இருந்தது. இரண்டு பேரும் கல் சூடேறியதும் ஒரு முழம் நகர்ந்து இன்னொரு இடத்தில் படுத்தோம். அன்று சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் எந்தக் கல் எப்போது குளிரும் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. அவள் தன்னுடைய பழைய நூல் சேலைகளில் மெலிந்து நைந்துபோன இரண்டை எனக்குக் கொடுத்தாள். அவற்றைப் போல் சுகமான துணியை நான் அதுவரை உடுத்தியதில்லை. என்னுடைய ஃபிளானல் ரவிக்கைகளின் கைகளைத் தோள்பட்டையோடு வெட்டி எறிந்தோம். வெட்டின கைகளை நனைத்துப் பிழிந்து நெற்றியில் கட்டிக்கொண்டோம். காலையில் வெயில் ஏறுவதற்குள் தெருவில் பதநீர் வரும். ஓலையை மடித்த பட்டையில் வாங்கி, பட்டையின் வாசனையோடு குடிப்போம். சாயங்காலம் கோயிலுக்குப் போவோம். அப்போது தென்காசிக் கோபுரம் இப்போது போல் முழுசாக இல்லை. என்றோ இடிந்து, நடுவில் பிளந்து, மேலே செடி முளைத்து நின்றது. ஊரில் எங்குமே காற்று இல்லாத நாளிலும் அந்த வாசலுக்குள் மட்டும் ஒரு இழை காற்று நுழைந்து போகும். சாமி கும்பிட்டு முடித்தவர்கள் யாரும் அந்த வாசலை விட்டு நகர மாட்டார்கள். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பாள். அவள் நிறைமாதத்தைப் பார்த்து மற்றவர்கள் இடம் விடுவார்கள். அவள் பின்னால் ஒட்டிக்கொண்டு நானும் நிற்பேன்.

வெந்நீர்ப் பை யோசனை என்னுடையது. மாமியார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த வெக்கையில் ஒத்தடம் வேறா என்று பரணில் வைத்துவிட்டிருந்தார்கள். அதை எடுத்து, மண்பானையில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, மூடியை முறுக்கி, பிடரியில் வைத்துக்கொண்டேன். உயிர் வந்தது. ஆளுக்குக் கால் மணி நேரம் என்று முறை வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். முழங்காலுக்கு என்று கொண்டுவந்ததை இரண்டு பேரும் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று மாமியார் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கோபமாகச் சொன்னார்களா, சிரித்துக்கொண்டு சொன்னார்களா என்று நாத்தனாரிடம் கேட்டேன். இரண்டும் இல்லை என்றாள்.

இரண்டாவது வாரத்தில் அவர் என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் போனால் பக்கத்தில்தான். வழியெல்லாம் அருவி எப்படி விழும், சத்தம் எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கி நடந்தோம். சத்தம் எதுவும் கேட்கவில்லை. கடைகளில் முக்கால்வாசி பூட்டிக் கிடந்தன. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பேரருவி இருக்க வேண்டிய இடத்தில் மொட்டைப் பாறை. பாறையில் செதுக்கியிருக்கும் லிங்கங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலத் தெரிந்தன. ஓரமாக ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் வழிந்து இறங்கியது. ஏழெட்டுப் பேர் செம்போடு வரிசையில் நின்று அதைப் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு உலை வைக்க மறந்தவர் மாதிரி நின்றார். பூட்டாத ஒரு கடைக்காரர், இன்னும் ஒரு மாதம் பொறுத்து வாருங்கள், இடம் கிடைக்காது என்றார். ஒரு மாதம் கழித்து என் அனுமதி முடிய எத்தனை நாள் மிச்சமிருக்கும் என்று அவர் விரல் விட்டு எண்ணினார்.

எனக்கு என்னவோ அன்று சிரிப்புத்தான் வந்தது. வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் செம்பு இல்லாததால் உச்சந்தலையையே அந்த விரல் கனத் தண்ணீருக்கு நேரே வைத்தேன். மலையிலிருந்து வந்த தண்ணீர், மெலிந்ததானாலும் குளிர்ந்திருந்தது. நடு வகிட்டில் விழுந்து மூக்கு வழியாக ஓடியது. பின்னால் நின்ற அம்மாள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக என் தோளைத் தொட்டார். விலகி வந்தேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து மாம்பழம் தின்றோம். ஸ்வெட்டர் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டேன் நான். அவர் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கொழுந்தன் கல்யாணம் வைகாசி நடுவில். கொழுந்தன் மதுரையில் போலீஸ் கான்ஸ்டபிள். இரண்டு நாள் முன்புதான் லீவில் வந்து சேர்ந்தார். பெண் வீடு வாசுதேவநல்லூர். வேன் அமர்த்திக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டோம். நாத்தனாரால் வர முடியாத நிலை. அதனால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்ய வேண்டியதையெல்லாம் நான் செய்யும்படி ஆயிற்று. மாமியார் தன் கையாலேயே எனக்கு அரக்கு நிறத்தில் கனமான பட்டுச்சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அது அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த முதல் பட்டு.

தெருவை அடைத்துப் போட்ட பந்தல். ஓலைக்கு மேல் வெயில், ஓலைக்குக் கீழ் ஓமப் புகை. காற்று கிடையாது. கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு மணவறைக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் நின்றேன். வேர்க்குருவின் மேல் ஜரிகை உரசியது. முதுகில் யாரோ தீக்குச்சிகளைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருப்பது போல் இருந்தது. மேளக்காரர்களின் முகம் இரண்டு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. தாலி கட்டி, மூன்று முடிச்சும் விழுந்து, பந்திக்கு எல்லோரும் எழுந்ததும், நான் விளக்கைக் கீழே வைத்தேன். நேரே வீட்டுக்குள் நுழைந்து, அடுக்களையைத் தாண்டி, புறவாசலுக்குப் போனேன். அங்கே கிணறு இருந்தது. இறைத்து வைத்த வாளி ஒன்று நிறைந்திருந்தது. யோசிக்கவே இல்லை. பட்டுச்சேலையோடும் நகையோடும் தலையில் பூவோடும் அதைத் தூக்கி உச்சியில் ஊற்றிக்கொண்டேன். பிறகு நானே இறைத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கும்போது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்களும் பெண் வீட்டுப் பெண்களும் பத்துப் பேர் வாயடைத்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் என் மாமியார். அரக்குச் சாயம் கரைந்து என் பாதத்தைச் சுற்றிச் சிவப்பாக ஓடியது. பெண்ணுடைய பெரியம்மா ஒருத்தி மாமியாரிடம் கேட்டாள், “மருமவளுக்கு என்ன செய்யுது? சாமி வந்திருக்கா?”

மாமியார் என்னையும் வாளியையும் பார்த்தார்கள். பிறகு, சாதாரணமாக, காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார்கள்.

“சாமியெல்லாம் ஒண்ணும் வரலை. அவளுக்கு வேக்குது, ஊத்திக்கிட்டா. எனக்கும்தான் ஊத்திக்கிடணும் போல இருக்கு. வயசாயிட்டு, வெக்கமா இருக்கு.”

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அங்கிருந்த ஒரு அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்கள். மாற்றுச் சேலை எடுத்தார்கள். ஈர ரவிக்கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவர்களே பின்னால் நின்று உரித்தார்கள். உரித்ததும் கை நின்றுவிட்டது. என் முதுகு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேழ்வரகைக் கொட்டிப் பரப்பினது போல் இருந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

“எத்தனை நாளா?” என்று கேட்டார்கள்.

“வந்த மூணாம் நாள்லேருந்து, அத்தை.”

“சொல்லியிருக்கப்பிடாதா?”

ஊரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன் என்றேன். என் அம்மா சொல்லி அனுப்பியதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர்கள் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். தோள் குலுங்கியது.

“நான் அம்பாசமுத்திரத்துக்காரி. ஆத்துலயே கெடந்தவ. இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து சித்திரையையும் வைகாசியையும் வையாத நாளு கிடையாது. இங்கன வையாதவ யாரு? நீயும் நல்லா வையி. அதுக்கு ஒருத்தர் கிட்ட அனுமதி கேக்கணுமா?”

அன்று இரண்டாம் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள். ஈரத் தலையோடு சாப்பிட்டேன். வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, இவள் பனி கொட்டுகிற ஊரில் பிறந்தவள், அங்கே வெயிலுக்குத் தோலே பழகியிருக்காது என்று தானே சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பட்டு சாயம் போய் ஒரு மாதிரித் திட்டுத்திட்டாகிவிட்டது. அதைப் பற்றி அவர்கள் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

தென்காசிக்குத் திரும்பியதும் தினமும் சாயங்காலம் நுங்கை வாங்கி, அதன் தண்ணீரை என் முதுகில் தடவி விடுவது மாமியார் வேலையாயிற்று. தடவிக்கொண்டே வைவார்கள். இந்த மேகத்தைப் பார், கல்யாண வீட்டுக்கு வந்து சாப்பிடாமலேயே போகிறவன் மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது என்பார்கள். நான் என் பங்குக்குச் சொல்வேன். முதலில் கூச்சமாக இருந்தது. ஒரு வாரத்தில் எனக்கும் நாக்கு நன்றாகப் பழகிவிட்டது. வியர்வை குறையவில்லை, வேர்க்குருவும் உடனே போய்விடவில்லை. ஆனால் மூடி வைத்த வாயைத் திறந்ததும் பாதி வெக்கை அந்த வழியாகப் போய்விட்டது போல் இருந்தது. தெருப் பெண்கள் வந்து ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், ஊர் பிடித்திருக்கிறது, வைகாசிதான் பிடிக்கவில்லை என்பேன். உடனே அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொருத்தியிடமும் சொல்வதற்கு ஏதாவது இருந்தது. ஒருத்தி திருவேங்கடத்தில் கட்டிக்கொடுத்த தன் மகளைப் பற்றிச் சொன்னாள். அந்தக் கரிசல் காட்டு வெயிலுக்கு இது சொர்க்கமாம். மகள் தாய்வீட்டுக்கு வருவதே குளிர்ச்சிக்குத்தானாம். பிறகு அறுபதுகளில் இரண்டு மூன்று தடவை தென்காசிக்குப் போனபோதெல்லாம், பெட்டியை இறக்கி வைத்ததும் மாமியாரும் நானும் செய்கிற முதல் காரியம் அந்த வருஷத்து வெயிலைப் பற்றிப் பேசுவதுதான்.

என் அனுமதி முடிய ஐந்து நாள் இருந்தபோது, ஒரு காலையில் புறவாசல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. மாமியார் அடுக்களையிலிருந்து எழுந்து முற்றத்துக்கு வந்து மேற்கே பார்த்தார்கள். மேகம் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. உச்சி தெரியவில்லை. கொடியில் காய்ந்த துணிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன. அவர்கள் என்னைக் கூப்பிட வாயெடுத்த அதே நேரம் நாத்தனார் உள்ளேயிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

அவர் ஓடிப்போய் மருத்துவச்சியை அழைத்து வந்தார். உள் அறையில் பாயை விரித்து, ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் துணியை அடைத்தார்கள். எதிர்காற்று பிள்ளைக்கும் தாய்க்கும் ஆகாது என்றாள் மருத்துவச்சி. எனக்கு வேலை வெந்நீர் கொண்டுவருவதும் நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொள்வதும். அடுப்பிலிருந்து அறைக்கும் அறையிலிருந்து அடுப்புக்கும் நடந்தேன். ஆறு வாரத்தில் அன்றைக்கு வேர்த்தது போல் என்றும் வேர்த்ததில்லை. வெளியே ஓட்டின் மேல் பொடி மழை தூவுகிற சத்தம் கேட்டது. பொரி வறுக்கிற மாதிரி. தெருவில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடின. சாரல் வந்துவிட்டது என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். நான் இருட்டறைக்குள், நாத்தனாரின் நகம் என் கையில் பதிய உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானத்துக்கு முன்னால் பெண் பிள்ளை பிறந்தது. கழுவித் துடைத்து என் மடியில்தான் முதலில் கொடுத்தார்கள். சின்னச் சூட்டுக் கட்டி. என் புடவையெல்லாம் நனைந்திருந்தது. அதில் எது வியர்வை எது தண்ணீர் என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ, மாமியார் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, போய் வெளியே நின்றுவிட்டு வா, நீ காத்திருந்தது வந்திருக்கிறது என்றார்கள்.

முற்றத்தில் போய் நின்றேன். மழை என்று சொல்ல முடியாது. காற்றோடு கலந்து, சல்லடையில் சலித்தது போல் பொடிப்பொடியாகப் பறந்து வந்து முகத்தில் படிந்தது. அவர் அங்கே ஏற்கனவே நனைந்துகொண்டு நின்றார். நான் பொய் சொல்லவில்லை பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு நிமிஷம்தான். நாத்தனார் ஞாபகம் வந்தது. துடைக்காமலே உள்ளே திரும்பினேன்.

அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். என் காலடி கேட்டதும் திறந்தாள்.

“வெளியில எப்படி இருக்கு மதினி?” என்றாள்.

என் முழங்கைக்குக் கீழே சாரல் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. மருத்துவச்சி அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில், அந்தக் கையை அவள் கன்னத்தில் வைத்தேன். அவள் கன்னத்தை அதில் அழுத்திக்கொண்டாள்.

குற்றாலத்துக்குப் போக நேரம் கிடைத்தது புறப்படுகிற அன்று காலையில்தான். மாமியார் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சத்தம் கேட்டது. அவருடைய நடை வேகமாயிற்று. பாறையே தெரியாமல் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்தேன். தண்ணீர் முதுகில் இடிபோல் விழுந்தது. மூச்சு நின்று வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் நகரச் சொல்லியும் எனக்குக் காதில் விழவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது உதடு நீலமாக இருந்ததாக அவர் சொன்னார்.

அப்படியே வந்து, வீட்டில் சொல்லிக்கொண்டு, மத்தியான ரயிலைப் பிடித்தோம். தலை துவட்ட நேரமில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்து விட்டுக்கொண்டேன். கடையநல்லூர் வரை சாரல் கூடவே வந்தது. சங்கரன்கோவிலில் வானம் வெளிவாங்கியது. அவர் தூங்கிப்போனார். ராஜபாளையத்தில் ஜன்னல் கம்பி மறுபடியும் சுட ஆரம்பித்தது. விருதுநகர் வருவதற்குள் கூந்தல் நன்றாகக் காய்ந்துவிட்டது. அள்ளி முடிந்துகொண்டேன்.